விலைக்கு முன் எடையைக் கேளுங்கள்: பால்சா ஸ்டிக் விமானம் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் ஏரோநாட்டிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பால்சா என்ற லேசான மரத்தில் ‘ஸ்டிக்’ வகை ரேடியோ கண்ட்ரோல் மாதிரி விமானம் ஒன்றைத் தானே கட்டி, பேட்டரி மோட்டாரில் பறக்கவிட வேண்டும் என்கிறாள். ஒரே விமானத்துக்குக் கடையில் மூன்று விலை சொல்கிறார்கள்: ஷார்ட் கிட், ஃபுல் கிட், ஏஆர்எஃப். மலிவானதை வாங்கினால் போதுமா?
— ஒரு தாய், கோவை

பதில்: மலிவாகத் தெரிவது ஷார்ட் கிட்தான். பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா), ஃபார்மர் (உடலின் குறுக்குச் சட்டம்), வால் துண்டுகள், ஒரு பிளான் (கட்டுவதற்கான வரைபடம்) இவ்வளவுதான் இருக்கும். ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் நீளக் குச்சி), இறக்கையின் முன்விளிம்புக் குச்சி, சக்கரக் கம்பி, ஹிஞ்ச் (கீல்) எதுவும் பெரும்பாலும் இருக்காது. அவற்றைத் தனித்தனியாக வாங்கி முடிப்பதற்குள் ஃபுல் கிட் விலை வந்துவிடும். ஃபுல் கிட்டில் மரம் முழுவதும் கிடைக்கும். ஆனால் மோட்டார், இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரி, சர்வோ (வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் குட்டி மோட்டார்), ரேடியோ, கவரிங் ஃபிலிம் (மரச்சட்டத்தின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்), பசை எல்லாம் அதிலும் உங்கள் செலவுதான். ஏஆர்எஃப் என்பது கட்டி, ஃபிலிம் ஒட்டியே வருவது. மகள் தானே கட்ட ஆசைப்படுகிறாள் என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

ஸ்டிக்கைப் பொறுத்தவரை நான்காவது வழி ஒன்றும் உண்டு. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். இந்த வகைக்கு மூலம் 1960களில் அமெரிக்காவில் ஃபில் கிராஃப்ட் வரைந்த ‘அக்லி ஸ்டிக்’. ரேடியோ கண்ட்ரோல் கருவிகள் தயாரித்தவர், 1967இல் ரேடியோ கண்ட்ரோல் விமானச் சாகசப் பறத்தலில் (ஏரோபாட்டிக்ஸ்) உலகச் சாம்பியன் ஆனவர். அப்பேர்ப்பட்டவர் வரைந்த விமானம் பார்க்க அழகாக இருக்காது, பெயரிலேயே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். உடல் நான்கு பலகை சேர்த்த நீளப் பெட்டி. இறக்கை அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலம், அதனால் எல்லா ரிப்பும் ஒரே அளவு. பிளைவுட்டில் ஒரு அச்சு செய்துகொண்டால் மீதியைக் கத்தியாலேயே வெட்டிவிடலாம். நுனி குறுகிப் போகும் இறக்கை என்றால் ஒவ்வொரு ரிப்பும் வேறு வேறு அளவு, அங்கே லேசருக்குக் காசு கொடுப்பது நியாயம். ஸ்டிக்குக்கு ஒரு பிளானும் தேர்ந்தெடுத்த மரமும் போதும். உங்கள் இடத்தில் இருந்தால் நான் அப்படித்தான் வாங்கிக் கொடுப்பேன். படிக்கிற பெண்ணுக்கு ரிப் வெட்டுவதும் பாடம்தானே.

வெளிநாட்டிலிருந்து ஃபுல் கிட் வரவழைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு. பன்னாட்டுக் கூரியரில் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அந்தக் கிலோவா, உண்மை எடையா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 95 × 20 × 12 செ.மீ. பெட்டி நிஜத்தில் ஒன்றரை கிலோ என்றாலும் பில்லில் நாலரை கிலோவைத் தாண்டும். சுங்க வரி அதற்கு மேல்.

கேள்வி: 3 மி.மீ. பால்சா ஷீட் பத்து வாங்கினேன். சில எடையே இல்லாத மாதிரி இருக்கின்றன, சில நன்றாகக் கனக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான். ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், திருப்பூர்

பதில்: ஏமாற்று இல்லை, அந்த மரமே அப்படி. ஒரு கன மீட்டர் பால்சா 100 கிலோவும் இருக்கும், 250 கிலோவும் இருக்கும். கடையில் அளவுக்குத்தான் விலை, எடைக்கு இல்லை. அதனால் எடை பார்க்கிற வேலை நம்முடையது.

சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசே போதும். 1 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள ஷீட் 30 கிராம் வந்தால் மிக லேசு ரகம். வாலுக்கும் இறக்கை நுனிக்கும் அதை எடுத்து வையுங்கள். 40 முதல் 50 கிராம் வரை இருந்தால் ரிப், உடல் பக்கப் பலகை. 60ஐத் தாண்டினால் அதிலிருந்து ஸ்பார் குச்சி கீறலாம், வேறு எங்கும் வேண்டாம். முக்கியமாக வாலில் வேண்டாம். ஸ்டிக்கின் வால் நீளம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கு இருக்கும் தூரத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு. அங்கே 20 கிராம் கூடினால் சமன் செய்ய மூக்கில் 50 கிராம் ஈயம் கட்ட வேண்டிவரும். நல்ல காசு கொடுத்து லேசான மோட்டார் வாங்கியவர்கள் கடைசியில் மூக்கில் ஈயம் கட்டுவது இப்படித்தான்.

எடை ஒன்றானாலும் வெட்டிய திசை வேறாக இருக்கலாம். ஷீட்டை அகலவாட்டில் மெல்ல வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைந்தால் இறக்கையின் முன்பக்கத்தில் வளைத்து ஒட்ட ஏற்றது. விறைப்பாக நின்று, மேலே பளபளப்பான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது சி-கிரெயின், ரிப்புக்கு அதைவிட நல்லது கிடையாது. அதை வளைக்கப் போனால் பிளந்துவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. உலகச் சந்தைக்கு வரும் பால்சாவில் பெரும்பங்கு ஈக்வடாரில் இருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாகவும் அதே மரம்தான் போகிறது. 2020 வாக்கில் காற்றாலைகளுக்கான தேவை எகிறியபோது நம் ஷீட் விலையும் கூடவே ஏறியது. விலை ஏறும் காலத்தில் கடைகளில் லேசு ரகம் முதலில் தீர்ந்து கனமானது தங்கும். அடுத்த முறை ஆர்டர் போடும் முன் ‘3 மி.மீ. ஷீட் 45 கிராமுக்குள் வேண்டும்’ என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். எடையைப் பற்றி எதுவுமே சொல்லாமல் விற்ற மரத்தை ‘கனமாக இருக்கிறது’ என்று திருப்பித் தருவது கஷ்டம்.

கேள்வி: ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள ‘40 அளவு’ ஸ்டிக் கட்டுகிறேன். ஒரு விளம்பரத்தில் ‘40 இன்ஜினுக்கு இணை, 800 வாட்’ என்று 90 கிராம் மோட்டார். இன்னொன்று 180 கிராம், 600 வாட் என்று போட்டு விலை இரட்டிப்பு. லேசானதுதானே நல்லது என்று நீங்களே எழுதுகிறீர்கள்?
— வாசகர், மதுரை

பதில்: மரத்தில் லேசு நல்லது. மோட்டாரில் கதை வேறு. மோட்டாரின் எடை என்பது செம்பும் காந்தமும். சூட்டைத் தாங்குவது அவைதான். ஒரு கிராமுக்கு 3 வாட் என்பது பழகிய கைகள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. அதன்படி 90 கிராம் மோட்டார் நிம்மதியாகத் தாங்குவது 270 வாட். 800 என்பது சில விநாடிகளுக்கு உண்மையாக இருக்கலாம், அதற்குப் பிறகு சுருள் கருகும் வாசனை வரும். 180 கிராம் மோட்டாரின் 600 வாட் நம்பக்கூடிய எண்.

‘40க்கு இணை’ என்பதை மறந்துவிடுங்கள். 40 என்பது 0.40 கன அங்குலம், சுமார் 6.5 சிசி எரிபொருள் இன்ஜின். உங்களுக்குத் தேவையான கணக்கு முழு விமானத்தின் எடையிலிருந்து தொடங்குகிறது. இந்த அளவு ஸ்டிக் பேட்டரியோடு 2.2 கிலோவுக்குள் வர வேண்டும். இறக்கையின் அகலம் 28 செ.மீ. என்றால் பரப்பு 42 சதுர டெசிமீட்டர். சதுர டெசிமீட்டருக்கு 52 கிராம் சுமை, மெதுவாக இறங்கும், பழகுவதற்கு நல்லது. சாதாரணமாக வட்டமிட்டுப் பறக்க கிலோவுக்கு 150 வாட்டே போதும். லூப், ரோல் எல்லாம் தாராளமாக வேண்டும் என்றால் 220 முதல் 250. ஆக உங்களுக்கு 500 வாட்டை ஒட்டி.

4எஸ் லிப்போ பேட்டரி (நான்கு செல் கொண்ட லித்தியம் பாலிமர்) சுமையில் 14 வோல்ட் தரும் என்று வைத்தால் 36 ஆம்பியர். 60 ஆம்பியர் இஎஸ்சி வாங்குங்கள். 40 ஆம்பியரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது எப்படி வேகும் என்று யோசியுங்கள். சர்வோக்களுக்கு மின்சாரம் தரும் பிஇசி ‘ஸ்விட்சிங்’ வகையா என்றும் கேளுங்கள். 4எஸ்ஸில் நான்கு சர்வோவை லீனியர் வகையில் ஓட்டினால் சூடேறி, ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவரே அணைந்துபோகும் ஆபத்து உண்டு. மோட்டார் 700 முதல் 800 கேவிக்குள் (கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்), ப்ரொப்பெல்லர் 12×6 அல்லது 13×6.5 (அங்குலத்தில் முதல் எண் விட்டம், அடுத்தது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). இன்ஜினில் போடும் சின்ன ப்ரொப்பெல்லரை விடப் பெரிதாக, மெதுவாகச் சுற்றுவதுதான் மின்மோட்டாருக்கு உகந்தது.

பேட்டரி வாங்கும் அன்றே ஒரு வாட் மீட்டரும் வாங்குங்கள். முதல் முறை விமானத்தைக் கட்டிப்போட்டு முழு த்ராட்டில் கொடுத்து, உண்மையில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துவிட்டால் விளம்பரத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. எல்லைக்கு மேல் போனால் ஒரு அளவு சின்ன ப்ரொப்பெல்லர் மாட்டினால் சரி.

கேள்வி: 4எஸ் 4000 எம்ஏஎச் பேட்டரியை வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் செய்தால் ‘அனுப்ப முடியாது’ என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் மைத்துனரிடம் வாங்கிவரச் சொல்லலாமா? இங்கே வாங்கியது உப்பி வந்தது, கடைக்காரர் ‘பேட்டரிக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்.
— வாசகர், திருச்சி

பதில்: தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளை (லிப்போவும் இதில் சேரும்) பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரலிலிருந்து பன்னாட்டு விதி இருக்கிறது. சரக்கு விமானத்தில் என்றாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. அதனால்தான் பல தளங்கள் கைவிரிக்கின்றன. மைத்துனர் கொண்டுவரலாம். 14.8 வோல்ட்டை 4 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 59 வாட்-மணி, 100க்குள் இருக்கிறது. கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகளை டேப் சுற்றி மூடச் சொல்லுங்கள். அவருடைய விமான நிறுவனம் தனி நிபந்தனை வைத்திருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உப்பி வந்த பேட்டரியை ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று சார்ஜ் செய்யாதீர்கள். படம் எடுத்து, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் குறித்து, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நெடுநாள் கிடந்த சரக்கு என்று வாதாட அது ஒன்றே போதும். நல்ல பேட்டரி 3.8 வோல்ட் அளவில் வந்து சேரும். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. இணையத்தில் வாங்கியதென்றால் 2020 மின்வணிக விதிகளே அதைச் சொல்கின்றன. கடை மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இதெல்லாம் நடைமுறையில் எடுபடாது என்பதால் பேட்டரியை மட்டும் உள்ளூரில் வாங்குவது என் பழக்கம்.

பேட்டரி மேல் இருக்கும் ‘100சி’ என்ற எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சி என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்ற எண். மதுரை வாசகருக்குச் சொன்ன 36 ஆம்பியர் 4000 எம்ஏஎச்சுக்கு 9சி மட்டுமே. நிஜமான 25சி கிடைத்தாலே உபரி. அதே கொள்ளளவில் இரண்டு பேட்டரிகளின் எடையைப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சந்தேகப்படும் அளவுக்கு லேசாக இருப்பதில் உண்மையில் 4000 இருக்காது.

கேள்வி: தெரிந்தவர் பழைய ஸ்டிக் ஒன்றை இன்ஜின் இல்லாமல் சல்லிசாகத் தருகிறார். எலெக்ட்ரிக்குக்கு மாற்றலாமா?
— வாசகர், சேலம்

பதில்: மாற்றலாம், எண்ணெய் குடிக்காமல் இருந்தால். இந்தக் குட்டி இன்ஜின்களுக்கு ஊற்றும் க்ளோ எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். வருடக்கணக்கில் மூக்கில் கசிந்தால் பால்சா அதை உறிஞ்சிக்கொள்ளும், எடை கூடும், பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. டேங்க் இருந்த அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரம் பழுப்பாக, தொட்டால் பிசுக்காக இருந்தால் ஃபயர்வாலிலிருந்து (மூக்கில் இன்ஜினைப் பொருத்தும் பலகை) இறக்கை வரை புதிதாகக் கட்ட வேண்டும், சல்லிசு விலை அதில் கரைந்துவிடும். மேலோட்டமான கறைதான் என்றால் சோளமாவைத் தூவி, சூடான காற்று காட்டி, பலமுறை துடைத்து எடுக்கலாம்.

மரம் சுத்தமாக இருந்தால் எடைக் கணக்கு உங்கள் பக்கம். சைலன்சரோடு இன்ஜின், நிறைந்த டேங்க், ரிசீவர் பேட்டரி மூன்றும் போய், மோட்டார், இஎஸ்சி, லிப்போ வந்தால் ஏறக்குறைய அதே எடைதான். பேட்டரி போட மேலே மூடி வெட்ட வேண்டும்; ஒவ்வொரு முறையும் இறக்கையைக் கழற்றி மாட்டும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. காற்று உள்ளே வரும் துளையைப் போல இரண்டு மடங்கு அளவில் பின்னால் வெளியேறும் துளையும் வேண்டும். மோட்டார் இன்ஜினை விடக் குட்டை, எனவே ஃபயர்வாலுக்கும் அதற்கும் இடையே ஸ்டாண்ட்-ஆஃப் (இடைவெளியை நிரப்பும் தாங்கி) தேவைப்படும். விலை பேசும் முன் வெறும் உடலையும் இறக்கையையும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சர்வோ, சக்கரம் சேர்த்து ஒன்றரை கிலோவைத் தாண்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி: பால்சாவுக்கென்று விற்கும் பசை, ஃபிலிம் ஒட்டும் அயர்ன் எல்லாம் தேவையா? ஃபெவிகாலும் வீட்டு அயர்ன் பாக்ஸும் போதாதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உள்ளே மறையும் மூட்டுகளுக்கு ஃபெவிகால் தாராளமாகப் போதும். தேய்த்துச் சமன் செய்ய வேண்டிய மூட்டில் அது ரப்பர் மாதிரி இழுக்கும், அங்கே மட்டும் சிஏ (சூப்பர் குளூ வகை) பசை. மோட்டார் ஏறும் ஃபயர்வாலுக்கு எபாக்சி, அரால்டைட்டின் மெதுவாக இறுகும் ரகம். வீட்டு அயர்னில் நீராவித் துளை இல்லாத பழைய மாடல் இருந்தால் அகலமான இடங்களுக்குச் சரி. மேலே ஒரு பழைய காட்டன் சாக்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள். வால் மூலைகளுக்கு அது நுழையாது, சின்ன ஹாபி அயர்ன் வாங்கித்தான் ஆக வேண்டும். ஃபிலிம் வாங்கும்போது குறைந்த சூட்டில் ஒட்டும் ரகமாகக் கேளுங்கள். அதிகச் சூடு கேட்கும் ரகத்தை இழுத்துச் சுருக்கும்போது 30 கிராம் ஷீட்டில் கட்டிய வால் முறுக்கிக்கொள்ளும்.