கார்னெட்: வெளியேறும் முத்திரை விழுந்ததா?

கேள்வி: சொந்த கேம்பர்வேனைக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி ஆறு மாதம் சுற்றிவிட்டு, அப்புறம் தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா போக நானும் என் மனைவியும் திட்டமிட்டிருக்கிறோம். கிளம்ப இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. "கார்னெட், கப்பல், லைசென்ஸ் எல்லாம் ஒரே பேக்கேஜ். முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் கார்னெட்டை உடனே எடுத்துத் தருகிறேன்" என்கிறார் ஒரு ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கார்னெட், அதாவது வண்டியை இறக்குமதி வரி கட்டாமல் தற்காலிகமாக வெளிநாட்டுக்குள் கொண்டுபோக உதவும் சுங்கப் புத்தகம், ஓராண்டுக்குத்தான் செல்லும், அதுவும் வழங்கிய தேதியிலிருந்து. இப்போதே வாங்கினால் நீங்கள் கிளம்பும் நாளில் மிச்சம் நான்கு மாதம். அதிலும் சில வாரங்கள் கப்பலிலேயே கழிந்துவிடும். 'உடனே' என்று ஆசைகாட்டுகிறவருக்கு ஒன்று இது தெரியாது, இல்லை தெரிந்தே சொல்கிறார்.

கார்னெட் என்பது வேனுக்கான பாஸ்போர்ட் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. அது ஒரு ஜாமீன் பத்திரம். 'இந்த வேனை இங்கே விற்கமாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன்' என்று நீங்கள் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் வாக்கு. வாக்குத் தவறினால் இறக்குமதி வரியை உங்கள் நாட்டு மோட்டார் கிளப்பிடம் கேட்பார்கள். கிளப் அதை நீங்கள் கட்டிய பிணைத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதில் ஏஜென்ட் எங்கே வருகிறார்? எங்கேயும் இல்லை. கார்னெட்டை வழங்குவது அதற்கென அங்கீகாரம் பெற்ற கிளப்தான். நேரே அங்கே விண்ணப்பியுங்கள். பிணைத்தொகை வேனின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்தது. அதனால் நாடுகளின் பட்டியலை முதலில் முடிவு செய்யுங்கள்.

கார்னெட்டின் ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது கீழ்த்துண்டையும் வெளியேறும்போது நடுத்துண்டையும் சுங்க அலுவலர் கிழித்துக்கொள்வார். மேல்துண்டு புத்தகத்திலேயே இருக்கும். அதில் இரண்டு முத்திரைகளும் விழுந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கையே போனில் முடிக்கிற காலத்தில் இன்னும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்களே என்று எரிச்சல் வரும். எனக்கும் வருகிறது. என்ன செய்வது, இதுதான் நடைமுறை.

கோட்டைவிடுவது பெரும்பாலும் துறைமுகத்தில்தான். என்னிடம் வந்த ஒரு தம்பதி, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் விமானம் ஏறுங்கள்" என்ற கப்பல் ஏஜென்டை நம்பிப் போய்விட்டார்கள். வேன் பத்திரமாக ஊர் வந்தது. கார்னெட்டும் வந்தது, நடுத்துண்டு கிழிபடாமல் முழுசாக! காகிதக் கணக்கில் அந்த வேன் இன்னும் அந்த நாட்டில்தான் நிற்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். முத்திரை விடுபட்டாலும், வேன் இப்போது நிற்கும் நாட்டின் சுங்கத்துறை அதை நேரில் பார்த்து, சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்து, 'இந்த வண்டி இன்ன தேதியில் இங்கே இருந்தது' என்று இருப்பிடச் சான்று தரலாம். அதற்கு அவர்கள் பார்க்க வேன் இருக்க வேண்டும். ஊர் வந்த சந்தோஷத்தில் அதை விற்றுவிட்டால் எதைக் காட்டுவீர்கள்? போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்பதெல்லாம் நடக்காது. இந்தச் சான்று கைக்கு வந்தாலும் முத்திரை விடுபட்ட நாட்டின் சுங்கத்துறை அதை ஏற்க வேண்டும், கேள்வி கேட்கலாம், காலமும் ஆகும். ஆகவே இது கடைசி வழி. பிணைத்தொகை திரும்பக் கைக்கு வரும்வரை வேனை விற்காதீர்கள்.

தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். ஒன்றியத்துக்குள் நுழையும் முதல் எல்லையில் ஒரு முத்திரை, அதை விட்டு வெளியேறும் கடைசி எல்லையில் ஒன்று, அவ்வளவுதான். இடையில் யாராவது தாளைக் கிழிக்கக் கை நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கப்பல் விஷயம் சுருக்கமாக. சாதாரண கன்டெய்னரின் கதவு உயரம் ஏறக்குறைய 2.28 மீட்டர், உயரமான வகையில் 2.58. கூரைப் பெட்டி, ஏசி எல்லாம் சேர்த்து அளந்த பிறகு பேரம் பேசுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புமுன் அடிப்பாகத்தை மண், விதை, பூச்சி இல்லாமல் கழுவுங்கள். அங்கே போய்க் கழுவ வைத்தால் செலவு உங்களுடையது.

பேக்கேஜில் லைசென்ஸும் சேர்த்தி என்கிறாரே, அதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் நாட்டு அரசோ, அரசு அனுமதித்த கிளப்போதான் தரமுடியும். 1949 சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது ஓராண்டு செல்லும், 1968 ஒப்பந்தப்படியானது அதிகபட்சம் மூன்றாண்டு. பத்தாண்டு, இருபதாண்டு என்று இணையத்தில் விற்பதெல்லாம் வெறும் அட்டை.

கார்னெட் கைக்கு வந்ததும் அதிலுள்ள சேஸிஸ் எண்ணை வேனில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். அந்த எண்ணின் 17 இடங்களில் 'ஓ' (O) என்ற ஆங்கில எழுத்து வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான்.