மொட்டை மாடி ஒழுகுது, மெயின்டெனன்ஸ் நிறுத்தினேன், தண்ணிய கட் பண்ணிட்டாங்க!

கேள்வி: சென்னையில 24 வீடு இருக்கற அபார்ட்மென்ட்ல மேல் மாடி எங்களுது. ரெண்டு வருஷமா மழை பெஞ்சா பெட்ரூம் சீலிங் ஒழுகுது. அசோசியேஷன்ல சொன்னா உங்க வீட்டுல தானே ஒழுகுது நீங்களே பாத்துக்கோங்கன்னு சொல்றாங்க. கோவத்துல ஏழு மாசமா மெயின்டெனன்ஸ் கட்டல. இப்ப எங்க வீட்டு தண்ணி லைன மூடிட்டாங்க, வாட்ஸ்அப் குரூப்ல பேரப் போட்டு மானத்த வாங்குறாங்க. ரிட்டையர்டு டீச்சர் நான், எனக்கு இது ரொம்ப அவமானமா இருக்கு. என்ன செய்யறது?

பதில்: டீச்சரம்மா, ஒழுகற விஷயத்துல நியாயம் உங்க பக்கம் தான். ஆனா மெயின்டெனன்ஸ நிறுத்தினது தப்பு, அத முதல்ல சரி பண்ணிடுங்க. பாக்கி மொத்தத்தையும் பேங்க் மூலமா கட்டி, "ஆட்சேபத்தோட கட்டறேன், ஒழுகலுக்கான என் உரிமைய விடல"ன்னு ஒரு மெயில் போடுங்க. பாக்கி நிக்கிற வரைக்கும் எந்தக் கூட்டத்துல நீங்க வாயத் திறந்தாலும் முதல்ல காசக் கட்டுங்கன்னு தான் சொல்லுவாங்க, ஒழுகற பேச்சே எழும்பாது.

தண்ணி விஷயம் வேற. பாக்கி வசூல் பண்ண நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் கேஸ் போடலாம், அதுக்காக வயசானவங்க இருக்கற வீட்டு வால்வ மூடறது கொடுமை. தண்ணி கிடைக்கறது அரசியலமைப்பு 21வது பிரிவு சொல்ற உயிர்வாழும் உரிமையில சேரும்னு கோர்ட்டுங்க திரும்பத் திரும்ப சொல்லியிருக்கு. பணம் கட்டின ரசீதோட உடனே திறக்கச் சொல்லி எழுதிக் குடுங்க, மறுத்தா வக்கீல் மூலமா சிவில் கோர்ட்ல தடை உத்தரவு கேக்கலாம்.

இப்ப சீலிங்குக்கு வருவோம். உங்க பத்திரத்த எடுத்துப் பாருங்க, யூடிஎஸ்னு நிலத்துல பிரிக்கப்படாத பங்கு எழுதியிருக்கும், மொட்டை மாடிய யாருக்கும் தனியா எழுதிக் குடுக்கலன்னா அது 24 வீட்டுக்கும் பொது, கீழ் வீட்டுக்காரருக்கும் அதுல பங்கு இருக்கு, அப்ப ரிப்பேர் செலவுலயும் பங்கு இருக்கு. ஆனா மாடியில இருந்து தான் ஒழுகுதுன்னு முதல்ல காட்டணும். மழை இல்லாத ஒரு நாள் மாடி வடிகால் குழாய துணி வச்சு அடைச்சு ரெண்டு அங்குலம் தண்ணி தேக்கி 24 மணி நேரம் விடச் சொல்லுங்க, கமிட்டிக்காரங்க ரெண்டு பேர் உங்க பெட்ரூம்ல நின்னு பாக்கட்டும். சீலிங் பூச்சு உப்பி, விரல் வச்சா பொடிப்பொடியா உதிரும், அதுக்கு மேல கம்பி துருப்பிடிச்சு பழுப்பா கறை இறங்கியிருக்கும். அந்தக் கம்பி உங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, மொத்த கட்டடத்துக்கும் சொந்தம். இத போட்டோ, தேதியோட எடுத்து வைங்க. ஒரு இன்ஜினியர் கையெழுத்து போட்ட ரிப்போர்ட்டும் ரெண்டு வாட்டர்ப்ரூஃபிங் கொட்டேஷனும் சேத்துட்டீங்கன்னா பேச்சே மாறிடும்.

அப்புறமும் அசையலன்னா, உங்க அசோசியேஷன் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவானதான்னு பாருங்க. பதிவானதுன்னா மூணுல ஒரு பங்கு உறுப்பினர்கள், உங்க கணக்குல எட்டு வீடு, கையெழுத்து போட்டா மாவட்டப் பதிவாளர் கிட்ட விசாரணை கேக்கலாம். மேல் மாடிக்காரங்க எல்லாருக்கும் இதே பயம் இருக்கும், அவங்கள முதல்ல போய்ப் பாருங்க. தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்ல தான் நடைமுறைக்கு வந்துச்சு, பைலா, அதாவது அசோசியேஷன் விதிமுறை, பழசா இருந்தா அந்தச் சட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தச் சொல்லி கூட்டத்துல கேளுங்க.

கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுங்கன்னு தான் நான் சொல்லுவேன். அவங்க நடத்தற லோக் அதாலத்துக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்கு, கோர்ட் கட்டணம் இல்ல, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அது சிவில் கோர்ட் தீர்ப்பு மாதிரியே செல்லும், அப்பீலும் கிடையாது. தினமும் லிஃப்ட்ல முகம் பாத்துக்கற ஆளுங்களோட கேஸ் நடத்தறத விட இது மனசுக்கு எவ்வளவோ நிம்மதிம்மா.

ஐப்பசி மழை வந்துட்டா தளம் ஈரமாயிடும், கோட்டிங் ஒட்டாது. அதனால இந்த ஞாயித்துக்கிழமையே செயலாளர் கிட்ட மாடி ரிப்பேர் கேட்டு லெட்டரக் குடுங்க, ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல தேதியோட கையெழுத்து வாங்கிட்டு வாங்க, வாங்க மறுத்தா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதப் பத்திரமா வைங்க.