எலியாஸும் 28-ஆம் எண் ஆணையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சர்வதேச நீதிமன்றம் பற்றிய உங்கள் கட்டுரையில் நைஜீரியாவின் தஸ்லிம் ஓலவாலே எலியாஸை மிகுந்த மதிப்போடு குறிப்பிட்டிருந்தீர்கள். அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். ராணுவ ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்திருக்கிறார். அதே ஆட்சி அவரைத் தலைமை நீதிபதியும் ஆக்கியிருக்கிறது. அப்படிப்பட்டவரை எப்படி மதிப்பது? சட்டம் படிக்கும் எனக்கு இது உறுத்துகிறது.

ம.

அன்புள்ள ம.,

உறுத்தத்தான் வேண்டும். எனக்கும் அது உண்டு.

1970 ஏப்ரலில் நைஜீரிய உச்ச நீதிமன்றம் லகான்மி வழக்கில் துணிச்சலான ஒரு தீர்ப்பைத் தந்தது. சொத்துப் பறிமுதலுக்காக ராணுவ அரசு போட்ட ஆணை செல்லாது என்றது. 1966-ல் ராணுவம் ஆட்சிக்கு வந்ததைப் புரட்சி என்று சொல்ல முடியாது, ஆகவே அரசியலமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். அடுத்த மாதமே அரசு 28-ஆம் எண் ஆணையைக் கொண்டுவந்தது. நடந்தது புரட்சிதான், தீர்ப்புக்கு மதிப்பில்லை என்று அறிவித்துவிட்டது. அப்போது சட்டத்துறை எலியாஸின் பொறுப்பில் இருந்தது. 1972-ல் அதே உச்ச நீதிமன்றத்துக்கு அவரே தலைவரானார். அந்த ஆணை வந்த அன்றே அவர் பதவி விலகியிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

சரி, அப்புறம் ஏன் மதிக்கிறேன்? 1956-ல் அவர் எழுதிய ஒரு புத்தகத்துக்காக. ஆப்பிரிக்க வழக்காற்றுச் சட்டத்தின் இயல்பைப் பற்றியது. அந்தக் காலத்துக் காலனி நீதிமன்றங்களில், ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், அது ‘இயற்கை நீதிக்கும் நல்ல மனசாட்சிக்கும்’ ஒவ்வாதது என்று நீதிபதிக்குத் தோன்றினால் தள்ளிவிடலாம். யாருடைய மனசாட்சி? பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவருடையது. ஆப்பிரிக்கர் பயத்தால் வழக்கத்துக்குக் கட்டுப்படுகிறவர்கள், அவர்களிடம் சட்டம் என்று ஒன்றில்லை என்று எழுதிய அறிஞர்களும் இருந்தார்கள்.

எலியாஸ் கோபப்படவில்லை. நிலவுரிமை, ஒப்பந்தம், குற்றம், இழப்பீடு என்று ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே இயங்குவது சட்டம்தான் என்று காட்டினார். ஆங்கிலேயரின் பொதுச் சட்டமே வழக்கத்திலிருந்து வளர்ந்ததுதானே. லண்டன் பல்கலைக்கழகத்தில் 1949-ல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர். அவர்களிடம் கற்ற கருவியை வைத்தே அவர்களுக்குப் பதில் சொன்னார். அதே 1956-ல் டெல்லி பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்து ஆப்பிரிக்காவைப் பற்றிப் பாடம் நடத்தியும் இருக்கிறார். நம்மில் பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, அப்போது தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியா. அதற்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தொடுத்த வழக்கு 1966-ல் சர்வதேச நீதிமன்றத்தில் தோற்றது. வாக்குகள் 7-7 என்று சமமாக நிற்க, தலைவரின் கூடுதல் வாக்கால் தோற்றது. ஆப்பிரிக்காவுக்கு அது ஆறாத காயம். மீண்டும் நமீபியா விவகாரம் அந்த நீதிமன்றத்துக்கு வந்தபோது ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்புக்காக வாதாடியவர் எலியாஸ். தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்று 1971-ல் நீதிமன்றம் கருத்துரைத்தது.

1975 ஜூலையில் நைஜீரியாவில் ராணுவத் தலைவர் கோவோனின் ஆட்சி கவிழ்ந்தது. புதிய ராணுவ அரசு எலியாஸைத் தலைமை நீதிபதிப் பதவியிலிருந்து நீக்கியது. அக்டோபரில் ஐ.நா. அவரைச் சர்வதேச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. 1982-ல் அதன் தலைவரானார். அந்த இடத்தில் அமர்ந்த முதல் ஆப்பிரிக்கர். 1984 நவம்பரில், நிகராகுவா அமெரிக்கா மீது தொடுத்த வழக்கை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்ற அமெரிக்காவின் வாதத்தை நிராகரித்தது அவர் தலைமையிலான நீதிமன்றம்தான். அமெரிக்கா வழக்கிலிருந்தே வெளியேறியது.

உடன்படிக்கைகள் பற்றிய 1969-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தை நீங்கள் எப்படியும் படிப்பீர்கள். அதை வரி வரியாக விவாதித்த, மாநாட்டு நாடுகள் அனைத்தும் அமர்ந்த முழுமைக் குழுவுக்குத் தலைவர் இதே எலியாஸ்தான். அதோடு லகான்மி தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். படித்த பிறகும் அவர்மேல் கோபம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.