கணினியோடு சதுரங்கம்: களைப்பும் கவனமும் பற்றிய கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு, நம் வட்டாரத்து அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவர்): அண்ணாச்சி, கணினிக்குக் களைப்பே கிடையாது என்பதால்தான் மனிதர்கள் அதனிடம் தோற்கிறார்களா?

பதில்: இன்றைய நிலையில் அப்படிச் சொல்ல முடியாது, தம்பி. கைப்பேசியில் ஓடும் சதுரங்க நிரலே உலகச் சாம்பியனைவிட வலுவானது. அவர் நன்றாக உறங்கி எழுந்து வந்து அமர்ந்தாலும் தோற்றுத்தான் போவார். ஆனால் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்த காலத்தில் களைப்பு முடிவையே மாற்றியிருக்கிறது என்பது என் கருத்து. 2002-இல் பஹ்ரைனில் அன்றைய உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் நிரலுக்கு எதிராக முதல் நான்கு ஆட்டங்களின் முடிவில் 3-1 என முன்னிலையில் இருந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் ஒரு காயைப் பறிகொடுத்தார், ஆறாவதிலும் தோற்றார், எட்டு ஆட்டங்களும் முடிந்தபோது கணக்கு 4-4 என்று ஆகிவிட்டது.

மனிதர் இருவர் ஆடும்போது ஐந்தாம் மணி நேரத்தில் இருவருமே களைத்திருப்பார்கள். நாம் விட்ட பிழையை எதிராளியும் கவனிக்காமல் விடலாம் என்ற சிறிய ஆறுதல் அப்போது உண்டு. எதிராளி பெருமூச்சு விடுவதையும் நாற்காலியில் நெளிவதையும் பார்த்து அவர் மனநிலையை ஓரளவு கணிக்கலாம். கணினிக்காகக் காய் நகர்த்துபவரின் முகத்தில் அப்படி எதுவும் தெரியாது. ஒரு நொடியும் அசரக் கூடாது என்ற அந்த விழிப்பே பாதிக் களைப்பைக் கொண்டுவந்துவிடுகிறது.

கேள்வி (தென்காசி): உலகச் சாம்பியனே ஒரு நகர்த்தலில் வரும் செக்மேட்டைக் கவனிக்காமல் விட்டார் என்கிறார்களே, அது எப்படி நடக்கும்?

பதில்: 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில், அதே கிராம்னிக், அதே டீப் ஃபிரிட்ஸ், இரண்டாவது ஆட்டம். கறுப்புக் காய்களுடன் ஆடிய கிராம்னிக் 34-ஆவது நகர்த்தலில் ராணியை e3 கட்டத்துக்குக் கொண்டுபோனார். உடனே வெள்ளை ராணி h7 கட்டத்தில் வந்து அமர, ஆட்டம் அங்கேயே முடிந்தது. h7-இல் நின்ற ராணிக்குக் காவலாக இருந்தது f8-இல் நின்ற குதிரை. அந்த இடத்திலிருந்து குதிரை துணை நிற்கும் செக்மேட் மிக அரிது. நம் கண்ணுக்கு அது பழக்கமே இல்லை. தாம் சோர்வாக இல்லை என்றும், அந்த வரிசையைப் பல நகர்த்தல்களுக்கு முன்பே கணக்கிட்டு, பிறகும் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததாகவும் கிராம்னிக் சொன்னார். இதைத்தான் என் மாணவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். ஒரே கணக்கைப் பத்து முறை சரிபார்க்கும்போது, பத்தாம் முறை நாம் பலகையைப் பார்ப்பதில்லை, நம் பழைய முடிவையே பார்க்கிறோம். உடம்பில் சோர்வு தெரிவதற்கு முன்பே கவனம் இப்படித் தேய்ந்துவிடுகிறது. ஆகவே காயைத் தொடுவதற்கு முன், கண்களைப் பலகையை விட்டு ஒருமுறை விலக்கிவிட்டு, எதிராளி தரக்கூடிய செக்குகளை (ராஜாவைத் தாக்கும் நகர்த்தல்களை) மட்டும் புதிதாகப் பாருங்கள்.

கேள்வி (வள்ளியூர், ஆசிரியர்): 1997-இல் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவ் கணினியிடம் தோற்றதற்குக் களைப்பு காரணமா, அச்சம் காரணமா?

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாது, ஐயா. நியூயார்க்கில் மே 3 முதல் 11 வரை ஆறு ஆட்டங்கள். எதிரில் ஆடிய ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ கணினி ஒரு நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. முதல் ஆட்டத்தை வென்ற காஸ்பரோவ், இரண்டாவதில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். தொடர் செக் கொடுத்து அதை டிரா செய்ய வழி இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. எதிரில் ஒரு மனிதர் இருந்திருந்தால் அந்த வழியை அவர் தேடிப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கும் என்ற எண்ணம் தேடலை நிறுத்திவிட்டது. ஆறாவது ஆட்டம் 19 நகர்த்தல்களில் காஸ்பரோவின் தோல்வியாக முடிந்தது.

கேள்வி (மேலப்பாளையம், ஒரு தாயார்): என் மகள் பள்ளிவிட்டு வந்து மூன்று மணி நேரம் கைப்பேசி நிரலோடு ஆடுகிறாள், கண் எரிகிறது என்கிறாள். இப்படி ஆட விடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தோல்வி மேல் தோல்வியாக வரும்போது பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு விரலை ஓட்டத் தொடங்குவார்கள். அது பயிற்சி ஆகாது. ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் போதும். அதைக் காகிதத்தில் எழுதி, மரப்பலகையில் காய் வைத்து, எங்கே பிழை என்று அவளே முதலில் சொல்லட்டும். நிரலைக் கேட்பது அதற்குப் பிறகு.

கேள்வி (சேரன்மகாதேவி): போட்டி நாளில் என்ன சாப்பிடுவது?

பதில்: காலையில் இட்லி, நண்பகலில் பாதி வயிற்றுக்குத் தயிர்ச்சோறு, பக்கத்தில் தண்ணீர். இளவயதில் ஒரு போட்டியின் இடைவேளையில் உறவினர் வீட்டுச் சொதிச் சாப்பாட்டை வயிறு நிறைய உண்டுவிட்டு வந்து, மூன்றாம் சுற்றில் பதினைந்தே நகர்த்தல்களில் யானையை இழந்தேன். சொதியை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.