படம் போனாலும் க்யூ நிற்கும்

கேள்வி: பெரிய படங்களின் பெயரில் தீம் பார்க்குகளில் தனித்தனிப் பகுதிகளே கட்டுகிறார்கள். படத்தை எல்லோரும் மறந்த பிறகு அங்கே யார் போய் க்யூவில் நிற்பார்கள்?

பதில்: க்யூவைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்துவது கஷ்டம். ஒரு பார்க்கை எடைபோட க்யூவைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் பழைய கட்சி. ரைடு நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் நாம் இருப்பதென்னவோ க்யூவில்தான்.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1995-இல் திறந்த இண்டியானா ஜோன்ஸ் ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை ஒரு பாழடைந்த கோயிலுக்குள் வளைந்து வளைந்து போகும். சுவரெல்லாம் சங்கேத எழுத்து. அதைப் படிக்க, திறந்த புதிதில் ஓர் அட்டையே கொடுத்தார்கள். ஓர் அறையில் ஒரு மூங்கில் கழி நிற்கும். பிடித்து இழுத்தால் கூரையே தலையில் இறங்குவது போலச் சத்தம் வரும். அந்தத் தொடரின் முதல் படம் 1981-இல் வந்தது. கழியை இழுக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆர்லாண்டோவில் 2010-இல் திறந்த ஹாரி பாட்டர் பகுதியிலும் இதே சூட்சுமம்தான். வரிசை ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியின் கோட்டைக்குள் போகும், சுவரில் மாட்டிய ஓவியங்கள் பேசிக்கொண்டிருக்கும், தலைமையாசிரியர் டம்பிள்டோரின் அறையைப் பார்த்துக்கொண்டே நகரலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம் முதல் தடவை ஆளைக் கூட்டி வரும். மறுபடி வரவைப்பது அந்த இடம். ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற நீர்ச்சறுக்கு 1989-இல் டிஸ்னிலேண்டில் வந்தது. அதற்கு அடிப்படையான படம் 1946-இல் வெளியானது. அடிமைமுறைக்குப் பிந்தைய கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பூசி மெழுகிக் காட்டியதாகக் கண்டனத்துக்கு ஆளான படம் அது. அமெரிக்காவில் அதை வீடியோவாகக்கூட விற்கவில்லை. ரைடில் ஏறிய குழந்தைகளில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் கூட்டம் குறையவில்லை. 2023-இல் அதை மூடக் காரணமும் அந்தப் படத்தின் கறைதான். மலையையும் அருவியையும் அப்படியே வைத்துக்கொண்டு, 2024-இல் வேறு கதையைப் போட்டு, இதே ரைடு இருந்த ஃபுளோரிடா டிஸ்னி பார்க்கில் முதலில் திறந்தார்கள்.

டிஸ்னிலேண்டில் ஒரு மரவீடும் உண்டு. 1962-இல், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய ராபின்சன் குடும்பத்தின் கதைக்காகக் கட்டியது. 1999-இல் டார்ஸான் குடியேறினான். பிறகு அவனும் காலி செய்ய, 2023-இல் புதிதாக ஒரு குடும்பம் வந்துவிட்டது. யார் வீடாக இருந்தால் என்ன, மரத்தில் படிக்கட்டு இருந்தால் குழந்தை ஏறத்தான் செய்யும்.

'அவதார்' படம் 2009-இல் வந்தது. அதன் பண்டோரா பகுதி ஃபுளோரிடாவில் 2017-இல்தான் திறந்தது. படத்தின் ஒரு பாத்திரத்தின் பெயராவது நினைவிருக்கிறதா என்று அப்போது பலர் கேலி பேசினார்கள். இரண்டாம் பாகம் 2022 வரை வரவில்லை. அந்த ஐந்து வருடமும் மிதக்கும் மலைகளையும் இருட்டில் ஒளிரும் செடிகளையும் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அதற்காக இடம் மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. 2019-இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதியை, படங்களில் வராத பாட்டூ என்ற புதுக் கிரகமாக அமைத்தார்கள். அசாத்தியமான வேலைப்பாடு. ஆனால் கதை நடக்கும் காலத்தைப் புதிய படங்களோடு கட்டிப்போட்டதால், பழைய படங்களின் வில்லன் டார்த் வேடருக்கு அங்கே இடமில்லாமல் போனது. அப்பாவோடு அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் தேடி வருவது அவரைத்தானே? கலிஃபோர்னியாவில் 2026 முதல் பழைய பாத்திரங்களான லூக், லேயா, வேடர் எல்லாம் வருவார்கள் என்று பிறகு அறிவித்தார்கள். இதே கதையுலகில் இரண்டு இரவு தங்கும் ஹோட்டல் ஒன்றை 2022 மார்ச்சில் ஃபுளோரிடாவில் திறந்து, அடுத்த வருடம் செப்டம்பரில் மூடியும் விட்டார்கள். இருவருக்கு ஐயாயிரம் டாலரை நெருங்கிய கட்டணம். ஆசை இருந்தாலும் எத்தனை குடும்பம் அதைத் திரும்பக் கட்டும்?

கட்டணம் என்றதும் என் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. காசு கட்டினால் வரிசையைத் தாண்டிப் போகலாம் என்ற ஏற்பாட்டை நான் எதிர்த்து எழுதியபோதெல்லாம், "வசதி உள்ளவன் கட்டுகிறான், உமக்கென்ன?" என்று இதே பக்கத்துக்குக் கடிதங்கள் வந்தன. எனக்கென்னவா? டிஸ்னி 1999-இல் கொண்டுவந்த முறை இலவசம். டிக்கெட் வாங்கிய யாரும் நேரம் குறித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பார்க்குகளில் 2021-இல் அதற்கு விலை வைத்தார்கள். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் காசு கட்டியவர்களைத்தான் அதிகமாக உள்ளே விடுகிறார்கள். கட்டாத குடும்பம், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இன்னும் அரைமணி நேரம் நிற்கிறது. படம் பழசாகிவிட்டது என்று யாரும் வராமல் இருக்கப்போவதில்லை. நாள் முழுக்க நின்று இரண்டே ரைடு ஏறிய பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன சொல்லும், அதைக் கேட்ட அப்பா அம்மா அடுத்த வருடம் எங்கே போவார்கள் என்பதை அந்தக் கம்பெனிகள் யோசிக்கட்டும்.