‘இது பெண்களுக்கான குழு’ என்று கல்லூரி கைவிரித்தால்?

கேள்வி: வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன், வயது 18. நான் தன்பாலீர்ப்பாளன், வீட்டுக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் ஹாஸ்டலில் ஒரு சீனியர் என்னைப் பலாத்காரம் செய்தார். வெளியே சொன்னால் என்னைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார். வார்டனோ, புகார் குழு பெண்களுக்குத்தான், அப்பாவைக் கூட்டி வா என்கிறார்.

பதில்: தம்பி, நடந்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. புகார் அந்த ஆள் செய்ததைப் பற்றியது. உங்களுக்கு யார் மேல் ஈர்ப்பு என்று அதில் ஒரு வரிகூட எழுத வேண்டாம், கேட்டாலும் சொல்ல வேண்டாம். 18 நிரம்பிவிட்டதால் புகார் கொடுக்க அப்பாவின் கையெழுத்தும் தேவையில்லை.

வார்டன் சொன்னது பாதி உண்மை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பெண்களுக்கானது, கல்லூரிகளில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த 2015 விதிமுறைகளின் தலைப்பிலும் பெண்கள்தான். ஆனால் அதே விதிமுறைகள், எல்லாப் பாலின மாணவர்கள் மீதான வன்முறையிலும் கல்லூரி உறுதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன. ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் குறிப்பிட்டே சொல்கின்றன. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், உங்கள் பெயர் வெளியே போகக் கூடாது.

இதைவிட வலுவானது என நான் நினைப்பது ராகிங் தடுப்பு விதிமுறை. 2009-லேயே அது பாலியல் வன்முறையை ராகிங்கில் சேர்த்துவிட்டது, 2016 திருத்தத்தில் பாலின ஈர்ப்பைக் காரணமாக வைத்துத் துன்புறுத்துவதும் சேர்ந்தது. ஆண், பெண் பேதம் இதில் இல்லை. உதவி எண் 1800-180-5522. ஒன்று மட்டும், குற்றம் நடந்திருக்கிறது எனத் தெரிந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது, அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு இறங்குங்கள்.

ஸ்டேஷனில் ‘செக்‌ஷன் இல்லை’ என்பார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய பழைய 377-ஆம் பிரிவு இல்லை. சம்மதத்தோடு நடக்கும் உறவு குற்றமில்லை என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நல்லது. ஆனால் வயது வந்த ஆணைப் பலாத்காரம் செய்தவன் மேல் போட இருந்த பிரிவும் சேர்ந்தே போய்விட்டது, இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இருந்தாலும் காயப்படுத்தியது, அடைத்து வைத்தது, மிரட்டியது எல்லாவற்றுக்கும் பிரிவுகள் இருக்கின்றன. அந்தரங்கத்தைப் படம் எடுத்திருந்தால் ஐடி சட்டம் 66இ. இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது 18 நிரம்பவில்லை என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), அது ஆணா பெண்ணா என்று பார்க்காது. திருநங்கை, திருநம்பி என்றால் திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அதில் தண்டனை அதிகபட்சம் 2 வருடம்தான் என்பது பெரிய அநியாயம். போலீஸே கேவலமாகப் பேசினால், பால்புதுமையினரை (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் போன்றோரை) துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள், அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் உடம்பு. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது, ஆனாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கம் வரவில்லை, மனசு தாங்கவில்லை என்றால் எந்த நேரத்திலும் அரசின் மனநல உதவி எண் 14416. வக்கீல் உதவிக்கு 15100.

வார்டனிடம் வாயால் சொன்னது போதாது. முதல்வருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, அந்த சீனியர் இல்லாத பிளாக்குக்கு அறை மாற்றித் தரவும் அதிலேயே கேளுங்கள். அந்த வாட்ஸ்அப் மிரட்டல்களை அழித்துவிடாதீர்கள்.