பேசித் தீர்க்கலாமே, ஏன் வேலைநிறுத்தமும் மறியலும்?

"உரிமை வேண்டுமென்றால் அமைதியாகப் பேசி வாங்கலாமே, எல்லோருக்கும் தொந்தரவு கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த மலையகத்தை, அந்தத் தேயிலை மலைநாட்டை, வைத்தே சொல்கிறேன்.

முதலில் தேயிலைக் கொழுந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை மலையேறி எடுக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். எடுத்ததையும் அன்றன்றே ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, அனுப்பியாக வேண்டும். சம்பளம் கேட்டு எழுதிய மனு ஆறு மாதம் மேசையில் கிடந்தாலும் கொடுத்தவனைத் தவிர யாருக்கும் நட்டமில்லை. கொழுந்து பத்து நாள் பறிக்காமல் கிடந்தால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முதல் கொழும்பில் இருக்கும் கம்பனி வரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். தோட்டத்து ஆட்கள் கையில் இருந்த பலம் அது ஒன்றுதான்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இந்திய வம்சாவளியினரான நாங்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனோம். அதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் பிரதிநிதிகள் ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். அடுத்த தேர்தலில் வாக்கே இல்லை. 1952இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நூறு நாட்களைத் தாண்டியும் நடந்தது. நீங்கள் சொல்கிற அமைதியான வழிதான், ஆனால் குடியுரிமை கிடைக்கவில்லை. வாக்கில்லாதவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தால் ஆட்சியில் இருப்பவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

1964இல் பேசித்தான் தீர்த்தார்கள். இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பேசினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மீதி 1,50,000 பேரை பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்தப் பேச்சில் எங்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி ஒரு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. பேச்சுவார்த்தை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் 1986 தைப்பொங்கல். குடியுரிமை கேட்டுப் பிரார்த்தனைப் போராட்டம். காலையில் மலைக்குப் போகாமல் கோயிலில் கூடிக் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். 1952ஐ விட எந்த விதத்திலும் கடுமையானது இல்லை. ஆனால் இந்த முறை கொழுந்து செடியிலேயே நின்றது. அதே வருடம் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. நாட்டில் அன்றிருந்த யுத்த நிலைமை, இந்தியாவின் அழுத்தம் என்று வேறு காரணங்களும் இருந்தன. இருந்தாலும் அந்த வெறும் மலைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

தொந்தரவு என்றால் அது முதலில் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் இறந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் அப்படியே இறந்தார். 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுப்பதை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் அவர்.

2018இல் ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டு மறியல் நடந்தபோது நானும் பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். இரண்டு மணித்தியாலம். பக்கத்தில் இருந்தவர் நீங்கள் கேட்டதையேதான் கேட்டார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தம் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று சொன்னேன். எனக்கும் கோபம்தான், முக்கியமான ஒரு வேலை கெட்டுப்போனது. ஆனால் அந்த வீதியில் நின்றவர்களுக்கு அன்றைய பேரும், அதாவது வேலை நாள் கணக்கும், இல்லை, சம்பளமும் இல்லை. ஆயிரம் ரூபாய் வந்தது 2021 மார்ச்சில்.

என் அம்மாயி, அம்மாவின் அம்மா, 1984இல் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். அதுவரை ஒரே மலையில் ஒரே நாள் வேலை செய்தாலும் பொம்பளை ஆளுக்கு ஆம்பிளை ஆளை விடக் குறைந்த சம்பளம். "நாங்க கேட்டுக்கிட்டேதான் இருந்தோம், அவங்க தலையாட்டிக்கிட்டேதான் இருந்தாங்க" என்பார். வேலைநிறுத்த நாட்களில் கடைக்காரர் கடனுக்கு மாவு தருவதை நிறுத்திவிட்டார். பலாக்காயை அவித்துத் தின்றுகொண்டு, பிள்ளைகளுக்கு மட்டும் ரொட்டி. அந்த வருடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் ஆனது. வேலைநிறுத்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் வாங்கிய கடனை அடைக்க அம்மாயிக்குத் தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வரை ஆனது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்து நான் பார்த்ததில்லை.